தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் பதிவிறக்கும்போது பெயர் ஏன் சிதைகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: தமிழ் நூல்களைப் பிடிஎஃப் கோப்புகளாக வழங்கும் ஒரு சிறு தளத்தை நடத்துகிறீர்கள். நூலின் தமிழ்ப் பெயரே கோப்பின் பெயராகவும் பதிவிறங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். குரோமில் பெயர் சரியாக வருகிறது; சஃபாரியில் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாக வருகிறது. வேறொரு சர்வர் மென்பொருளில் சோதித்தபோது வெறும் அடிக்கோடுகள் வந்தன. கைபேசியில் ஏதாவதொரு செயலிக்குள் இருந்தபடியே இணைப்பைத் தட்டினால், நூலின் பெயரே இல்லாமல் "டவுன்லோடு" என்று சேமிக்கப்படுகிறது. ஆகவே எந்த உலாவி தமிழ்ப் பெயர்களை ஆதரிக்கிறது, எது ஆதரிக்கவில்லை என்று ஒரு பட்டியல் வேண்டும் என்கிறீர்கள்.

அப்படி ஒரு பட்டியலுக்கு 2012 வரை தேவை இருந்தது, இன்று இல்லை. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் ஆகிய நான்கும் தமிழ்ப் பெயரைப் பிழையில்லாமல் சேமிக்கும், ஆனால் அந்தப் பெயரை நீங்கள் உரிய முறையில் அனுப்பியிருக்க வேண்டும். உங்களுக்கு வந்த மூன்று கோளாறுகளில் இரண்டு சர்வரிலிருந்து புறப்படும்போதே உண்டானவை. மூன்றாவது, உலாவி போலத் தோன்றினாலும் உலாவி அல்லாத ஒன்றின் குறை.

முதலில் பெயர் எந்த வழியில் பயணம் செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். சர்வர் ஒரு கோப்பை அனுப்பும்போது, உள்ளடக்கத்துக்கு முன்னால் சில ஹெட்டர் வரிகளை அனுப்புகிறது. அவற்றில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற வரிதான், இது திரையில் காட்ட வேண்டியதா, சேமிக்க வேண்டியதா, சேமித்தால் என்ன பெயரில் என்பதைச் சொல்கிறது. பெயரைத் தாங்கும் அளபுருவுக்கு, அதாவது மதிப்பை ஏந்தும் உறுப்புக்கு, ஃபைல்நேம் என்று பெயர். (இவையெல்லாம் நிரலில் ஆங்கில எழுத்தில் எழுதப்பட வேண்டியவை, இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன்.) சிக்கலின் வேர் இந்த ஹெட்டர் வரிகளின் இயல்பில் இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாக எழுதும் முறையில்) உள்ளது என்று அறிவிக்க வழி உண்டு; ஹெட்டர் வரி எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று அறிவிக்க வழியே கிடையாது. மரபுப்படி அது ஐஎஸ்ஓ-8859-1, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்காக அமைந்த 256 இடங்களைக் கொண்ட அட்டவணை. பிரெஞ்சுக்காரரின் கோப்புப் பெயர் அதில் ஓரளவு தப்பித்துவிடும். தமிழுக்கு அதில் ஓரிடம்கூட இல்லை.

இதன் விளைவை ஒரே எழுத்தில் பார்க்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் பட்டியலில் ககரத்தின் எண், பத்தடிமானத்தில் 2965. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாகிறது. இந்த மூன்றையும் யாராவது பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால், 224 தலையில் சாய்கோடு இட்ட ஆங்கிலச் சிற்றெழுத்தாகவும், 174 வட்டத்துக்குள் இருக்கும் பதிவு வணிகக் குறியாகவும், விண்டோஸ் வகை அட்டவணையானால் 149 ஒரு கரும்புள்ளியாகவும் தெரியும். தமிழ் உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் ஏறக்குறைய அனைத்தும் 224, 174 என்றுதான் தொடங்குகின்றன. புள்ளி, உகரக் குறி, எகரக் கொம்பு போன்றவை 224, 175 என்று தொடங்குகின்றன. ஆகவே, சாய்கோட்டு எழுத்தும் வணிகக் குறியும் மாறி மாறி வரும் ஒரு பெயரைப் பார்த்தால், அது அழிந்துபோன பெயர் அல்ல, தவறான அட்டவணையால் படிக்கப்பட்ட நல்ல தமிழ் என்று உடனே சொல்லிவிடலாம். பைட்டுகள் கெடவில்லை, வாசித்தவர்தான் தவறினார்.

இந்தக் குழப்பம் இவ்வளவு காலம் நீடித்ததற்கு ஒரு காரணம், இந்த ஹெட்டர் இணையத்துக்காகப் பிறந்ததே அல்ல என்பது. மின்னஞ்சலோடு சேர்த்தனுப்பும் கோப்புகளுக்காக வகுக்கப்பட்டு, 1997 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2183 ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை வகுக்கும் ஆவண வரிசை) வெளிவந்தது. ஆங்கிலம் அல்லாத பெயர்களை அளபுருக்களில் எழுதும் முறையையும் மின்னஞ்சல்காரர்களே அதே ஆண்டு நவம்பரில் ஆர்எஃப்சி 2231-இல் வகுத்துவிட்டார்கள். ஆனால் 1999-இல் வந்த, உலாவியும் சர்வரும் பேசும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.1 ஆவணமோ, இந்த ஹெட்டர் தரத்தின் பகுதி அல்ல, ஆனாலும் பரவலாகப் பயன்படுகிறது என்று பின்னிணைப்பில் சொல்லி நிறுத்திக்கொண்டது. விதி இல்லாத இடத்தில் ஆளுக்கொரு விதி முளைத்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், சாதாரண ஃபைல்நேம் மதிப்பில் சதவீதக் குறியீடு இருந்தால் அதை விரித்துப் படித்தது. ஃபயர்பாக்ஸும் ஓபராவும் மின்னஞ்சல் முறையைப் பின்பற்றின. சஃபாரியோ சதவீதக் குறியீடாக மாற்றாத யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே கொடுத்தால் ஏற்றுக்கொண்டது. ஆகவே அக்காலத்தில் நிரல் எழுதியவர்கள், வந்திருப்பது எந்த உலாவி என்று முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ப மூன்று விதமாகப் பெயரை எழுதி அனுப்பினார்கள். அந்தப் பழைய நிரல் துண்டுகள் இன்றும் தேடினால் கிடைக்கின்றன, இன்றும் நகலெடுக்கப்படுகின்றன. உங்கள் தளத்தின் முதல் கோளாறு அப்படிப்பட்ட ஒரு துண்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

முடிச்சு அவிழ்ந்தது 2010, 2011 ஆண்டுகளில். ஜூலியன் ரெஷ்கே எழுதிய ஆர்எஃப்சி 5987, மின்னஞ்சல் முறையின் சிக்கலான பகுதிகளைக் கழித்துவிட்டு, ஹெட்டர் அளபுருக்களில் எந்த மொழி எழுத்தையும் எழுதும் வழியை எச்டிடிபிக்கு ஏற்றபடி வகுத்தது. 2011 ஜூனில் அவரே எழுதிய ஆர்எஃப்சி 6266, கன்டென்ட்-டிஸ்பொசிஷனை முதன்முறையாக எச்டிடிபியின் முறையான உறுப்பாக்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9, அந்த ஆவணம் வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே, 2011 மார்ச்சில் இந்த முறையை ஏற்றிருந்தது. நெடுநாள் ஒதுங்கியிருந்த சஃபாரி 2012-இல் ஆறாம் பதிப்பில் சேர்ந்துகொண்டது. 2017-இல் ஆர்எஃப்சி 8187 பழைய ஆவணத்தின் இடத்தைப் பிடித்தபோது, ஐஎஸ்ஓ-8859-1 ஆதரவு கட்டாயம் என்பதையும் நீக்கி, யூடிஎஃப்-8 ஒன்றே போதும் என்றாக்கியது.

அந்த முறை இதுதான். ஃபைல்நேம் என்பதோடு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்து, ஃபைல்நேம்* என்று இரண்டாவது அளபுரு ஒன்றை எழுத வேண்டும். அதன் மதிப்பு மூன்று பகுதிகள் கொண்டது: முதலில் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கப் பெயர், பிறகு ஒற்றை மேற்கோள் குறி, பிறகு மொழிக் குறி, மறுபடி ஒற்றை மேற்கோள் குறி, அதன்பின் பெயர். மொழிக் குறியை யாரும் எழுதுவதில்லை. எழுதினாலும் பெயர் மாறப்போவதில்லை. ஆகவே நடைமுறையில் இரண்டு ஒற்றை மேற்கோள்கள் அடுத்தடுத்து நிற்கும். பெயரில் உள்ள ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு பதினறும (பதினாறு அடிமான) இலக்கங்களுமாக எழுதப்படும். "தமிழ்நாடு" என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஒன்பது குறிகள். யூடிஎஃப்-8-இல் 27 பைட்டுகள். ஹெட்டரில் 81 எழுத்துக்குறிகள். அழகில்லைதான். ஆனால் அந்த 81-உம் வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியுமே என்பதால், நடுவில் எந்த ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) நின்றாலும், எந்த அட்டவணையை வைத்துப் படித்தாலும் சிதையாது.

இந்த வரியை எழுதுவதில் வழக்கமாக நேரும் தவறுகள் சில உண்டு. முதலாவது, ஃபைல்நேம்* மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போடுவது, போடக் கூடாது. அதற்கு நேர்மாறாக, சாதாரண ஃபைல்நேம் மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் ஃபயர்பாக்ஸ் முதல் இடைவெளியோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். நூற்பெயரின் முதல் சொல் மட்டும் மிஞ்சும். இரண்டாவது, சாதாரண ஃபைல்நேமை விட்டுவிட்டு நட்சத்திரமிட்டதை மட்டும் அனுப்புவது. உலாவிகளுக்கு அது போதும். பதிவிறக்கக் கருவிகளுக்கும் சில செயலிகளுக்கும் போதாது. இரண்டையும் அனுப்பினால், புரிந்துகொள்ளும் மென்பொருள் நட்சத்திரமிட்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. சாதாரணமானதை முதலில் வைத்து நட்சத்திரமிட்டதை அடுத்து வைக்குமாறும் ஆர்எஃப்சி 6266-இன் பின்னிணைப்பு அறிவுறுத்துகிறது. வரிசை மாறினால் தடுமாறிய பழைய மென்பொருள்கள் இருந்ததே காரணம். சாதாரண ஃபைல்நேமில் ஆங்கில எழுத்தில் நூலின் எண்ணையோ எளிய ஒலிபெயர்ப்பையோ வையுங்கள். அதில் தமிழையும் வைக்காதீர்கள், சதவீதக் குறியையும் வைக்காதீர்கள்.

மூன்றாவது தவறை நானே செய்திருக்கிறேன். பிஎச்பி நிரல்மொழியில் சரங்களைச் சதவீதக் குறியீடாக மாற்ற யூஆர்எல்என்கோட், ராயூஆர்எல்என்கோட் என்று இரண்டு சார்புகள் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டுகள்) உள்ளன. பெயர் சின்னதாக இருக்கிறதே என்று முதலாவதை எடுத்துப் பயன்படுத்தினேன். அது இணையப் படிவங்களுக்கானது. இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றும். ஹெட்டரிலோ கூட்டல் குறி வெறும் கூட்டல் குறிதான். யாரும் அதை இடைவெளியாக விரிக்க மாட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதம், நூற்பெயர்களின் சொற்களுக்கிடையே எல்லாம் கூட்டல் குறியோடு கோப்புகள் போய்க்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் அதை ஏதோ வடிவமைப்பு என்று நினைத்துக்கொண்டார்களாம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது: என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் என்ற சார்பு ஒற்றை மேற்கோள், அடைப்புக்குறிகள், நட்சத்திரக் குறி ஆகியவற்றை மாற்றாமல் விட்டுவிடும், ஆனால் இந்த ஹெட்டரில் அவை மாற்றப்பட வேண்டியவை. "பகுதி (2)" என்று பெயரில் எழுதும் வழக்கம் உள்ளவர்கள் அவற்றைத் தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் கையால் எழுதாமல் ஜாங்கோவின் ஃபைல்ரெஸ்பான்ஸ், ஸ்பிரிங்கின் கன்டென்ட்டிஸ்பொசிஷன் வகுப்பு போன்று சட்டகமே (தளம் கட்டப் பயன்படும் ஆயத்த மென்பொருளே) தரும் வசதியைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

இனி உங்கள் கோளாறுகளுக்கு வருகிறேன். சஃபாரியில் சதவீதக் குறிகள் தெரிவதற்குக் காரணம், உங்கள் நிரல் சதவீதக் குறியீட்டை நட்சத்திரமில்லாத சாதாரண ஃபைல்நேமில் வைத்து அனுப்புகிறது என்பதே. தரத்தின்படி அங்கே சதவீதக் குறி என்பது வெறும் சதவீதக் குறி. சஃபாரி எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக்கொள்கிறது. குரோமோ, பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பி எழுதப்பட்ட தளங்கள் உடையக் கூடாது என்பதற்காக அதை விரித்துவிடுகிறது. இன்றைய ஃபயர்பாக்ஸும் அப்படியே செய்கிறது. ஆகவே இந்த வழக்கில் விதியைக் கடைப்பிடித்த உலாவி குற்றவாளிபோல் நிற்கிறது, விதியை மீறி உங்கள் தவறை மறைத்தவை நல்ல பெயர் வாங்குகின்றன. குரோமில் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சதவீதக் குறியீடாக மாற்றாத பைட்டுகளை அனுப்பினாலும் குரோம் இதே பெருந்தன்மையைக் காட்டும்: அவை முறையான யூடிஎஃப்-8 ஆக அமைந்தால் அப்படியே ஏற்கும், அமையாவிட்டால் இணைப்பு இருந்த பக்கத்தின் குறியாக்கத்தை, அதுவும் பொருந்தாவிட்டால் இயங்குதளத்தின் குறியாக்கத்தை வைத்து ஊகிக்கும். ஊகம் ஊகமே.

அடிக்கோடுகள் வேறு கதை. சில சர்வர் மென்பொருள்கள் ஹெட்டரை ஐஎஸ்ஓ-8859-1-க்கு மாற்றியே அனுப்புகின்றன. அதில் இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடுகிறது. கேள்விக்குறி விண்டோஸில் கோப்புப் பெயருக்கு ஆகாத குறி; ஆகவே உலாவி அதை அடிக்கோடாக மாற்றிச் சேமிக்கிறது. ஒரு பெயரில் எத்தனை அடிக்கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள்: "தமிழ்நாடு" என்பதற்கு ஒன்பது வந்தால் சர்வர் யூனிகோட் குறிகளை ஒவ்வொன்றாக இழந்திருக்கிறது, 27 வந்தால் பைட்டுகளை இழந்திருக்கிறது. எந்த அடுக்கில் சேதம் என்று அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். இந்த வகைச் சேதத்தை உலாவியால் மீட்கவே முடியாது, ஏனென்றால் தமிழ் அதன் கைக்கு வந்து சேரவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. ஹெட்டரில் தமிழ் எழுத்தை நேரடியாக வைத்தால் செல்லாத எழுத்து என்று பிழை எழுப்பி நின்றுவிடும். பைத்தானில் பலர் பயன்படுத்தும் செக்யூர்_ஃபைல்நேம் என்ற வெர்க்சூக் நிரலகச் சார்பு, ஆங்கிலம் அல்லாத எழுத்தை எல்லாம் சத்தமில்லாமல் கழித்துவிடும். முழுவதும் தமிழில் அமைந்த பெயரைக் கொடுத்தால் பின்னொட்டில் உள்ள பிடிஎஃப் என்ற மூன்றெழுத்து மட்டும், புள்ளிகூட இல்லாமல் திரும்பி வரும். பாதுகாப்புக்காக எழுதப்பட்ட சார்பு அது. பெயர் சூட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கைபேசியில் வரும் "டவுன்லோடு" என்ற பெயருக்கு வருவோம். செய்திச் செயலியோ சமூக ஊடகச் செயலியோ இணைப்பைத் தனக்குள்ளேயே திறக்கும்போது அங்கே இயங்குவது பெரும்பாலும், செயலிகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் உறுப்பான ஆண்ட்ராய்டின் வெப்வியூ. பக்கத்தைக் காட்டுவது குரோமின் எந்திரமேயானாலும், பதிவிறக்கத்துக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு செயலியை எழுதியவருடையது. அவர்களில் பலர் அதற்கு ஆண்ட்ராய்டு தரும் கெஸ்ஃபைல்நேம் என்ற சார்பையே அழைக்கிறார்கள். அந்தச் சார்பு நெடுங்காலம் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அறிந்திருந்தது: அட்டாச்மென்ட் என்ற சொல், அதையடுத்து ஃபைல்நேம், அதோடு வரி முடிய வேண்டும். பின்னால் நட்சத்திரமிட்ட அளபுரு தொடர்ந்தால் முழு வரியையும் புரியாததாகக் கருதித் தள்ளிவிட்டு, முகவரியின் கடைசிப் பகுதியைப் பெயராக எடுத்துக்கொள்ளும். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-க்காக எழுதப்பட்ட செயலிகளில்தான் இது ஆர்எஃப்சி 6266-இன் வழிக்கு வந்தது. உங்கள் பதிவிறக்க முகவரி "டவுன்லோடு" என்ற சொல்லில் முடிந்து, நூலின் எண் கேள்விக்குறிக்குப் பின்னால் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்; அந்தச் சொல்தான் கோப்பின் பெயராகியிருக்கிறது.

இதற்கு மருந்து முகவரியிலேயே இருக்கிறது. ஹெட்டரில் பெயரே இல்லாவிட்டால் எல்லா உலாவிகளும் முகவரியின் கடைசிப் பகுதியைத்தான் பெயராகக் கொள்கின்றன. அது சதவீதக் குறியீட்டில் இருந்தாலும் யூடிஎஃப்-8 ஆக விரித்துப் படிக்கின்றன. ஆகவே நூல் எண்ணுக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு, தமிழ்ப் பெயரையே முகவரியின் கடைசிப் பகுதியாக அமைத்துவிடுங்கள். சர்வர் அந்தப் பகுதியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, எண்ணை மட்டும் பார்த்தால் போதும். பழைய சஃபாரியை ஏமாற்ற நாங்கள் அன்று கையாண்ட தந்திரம்தான் இது. இன்று வெப்வியூவுக்கு உதவுகிறது. இணைப்பிலேயே டவுன்லோடு என்ற எச்டிஎம்எல் பண்பைச் சேர்த்துப் பெயர் கொடுப்பது இன்னொரு வழி. குரோம் அதை 2011 முதலும் ஃபயர்பாக்ஸ் 2013 முதலும் சஃபாரி 2017 முதலும் அறிந்திருக்கின்றன. ஆனால் கோப்பு அதே தளத்தில் இருந்தால் மட்டுமே அது செல்லும். ஹெட்டரில் பெயர் இருந்தால் ஹெட்டரே வெல்லும்.

கோப்புகளைத் தமிழ்ப் பெயரோடு வட்டிலேயே வைத்து நேரடியாக வழங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விசித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நண்பர் ஒருவர் தம் பழைய மேக் கணினியிலிருந்து மூவேந்தர் பற்றிய மூன்று கட்டுரைக் கோப்புகளை என் லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினார். சேரர் திறந்தது, பாண்டியர் திறந்தது, சோழர் மட்டும் 404 (கோப்பு இல்லை) என்றது. கோப்பகத்தில் பார்த்தால் சோழர் அங்கேதான் இருந்தார். காரணம் ஓகாரம். "சோ" என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். நான் இணைப்பில் தட்டச்சிட்டதோ சேர்ந்த வடிவம். லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். அதற்கு இவை இரு வேறு கோப்புகள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் தனித்து நிற்கும் ஔகாரத்துக்கும் மட்டுமே இந்தச் சிக்கல் உண்டு என்பதால், பத்துக் கோப்பில் இரண்டு மட்டும் உடைந்து மற்றவை வேலை செய்யும். தேடுபவருக்குத் தலை சுற்றும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே காத்துவைக்கிறது. ஆயினும் பெயர்களைச் சேமிக்குமுன் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுவது ஒரு வரி வேலை, தயங்காமல் செய்துவிடுங்கள்.

நீளத்திலும் தமிழுக்கு ஒரு தனிச் சுமை உண்டு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை பெயருக்கு 255 பைட்டுகள் தருகிறது. ஆங்கிலத்துக்கு 255 எழுத்துகள், தமிழுக்கு 85 குறிகள். முன்னர் பார்த்த "தமிழ்நாடு" விகிதத்தில் கணக்கிட்டால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளில் ஏறத்தாழ 47. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகுகளைத் தருவதால் அங்கே தமிழுக்கும் 255 குறிகள் கிடைக்கும். ஆகவே நூற்பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு என்று எல்லாவற்றையும் கோர்த்த ஒரு பெயர் விண்டோஸில் நன்றாகச் சேமிக்கப்பட்டு, லினக்ஸிலோ ஆண்ட்ராய்டிலோ தோற்கலாம். நீங்களே வெட்டுவதானால் எழுத்து எல்லையில் வெட்டுங்கள். பைட் எண்ணிக்கையில் கண்மூடி வெட்டினால் கடைசி எழுத்து உடையும். குறி எண்ணிக்கையில் வெட்டினாலும் புள்ளி கழன்று "தமிழ்" என்பது "தமிழ" என்று நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்குறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுத்து வரிசையைத் திருப்பும் மறை எழுத்துக்குறிகளைக் கொண்டு ஆபத்தான நிரலைப் படக்கோப்பு போலப் பெயரிட்டு ஏமாற்றுவது பழைய தந்திரம் என்பதால், உலாவிகள் அத்தகைய வடிவமைப்புக் குறிகளைப் பெயரிலிருந்து நீக்கும். ஆனால் "க்‌ஷ" என்று பிரித்துக் காட்ட நாம் நடுவில் இடும் இணைப்புத் தடுப்பானும் அதே வகையைச் சேர்ந்ததுதான். இந்திய மொழிகளுக்கும் பாரசீகத்துக்கும் அது தேவை என்பதால், குரோமின் நிரல் இணைப்பானையும் இணைப்புத் தடுப்பானையும் மட்டும் விலக்கிவைத்து மற்றவற்றை மாற்றுகிறது.

கட்டளை வரிக் கருவிகளில் தமிழ் இன்னும் அரைகுறைதான். கர்ல் கருவியிடம் ஹெட்டரில் உள்ள பெயரில் சேமி என்று சொன்னால், அது சாதாரண ஃபைல்நேமைப் பார்க்கும், சதவீதக் குறிகளை விரிக்காது. நீங்கள் வைத்த ஆங்கிலப் பெயர் அங்கே கைகொடுக்கும். டபிள்யூகெட் இன்னும் வேடிக்கையானது. 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளை அது கட்டுப்பாட்டு எழுத்துகள் என்று கருதி இயல்பாகவே சதவீதக் குறியீடாக மாற்றிவிடும். "தமிழ்" என்ற சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம் நான்கும் அந்த எல்லைக்கு வெளியே தப்பிவிடுகின்றன. புள்ளியின் மூன்றாம் பைட் 141 என்பதால் அது மட்டும் அகப்பட்டு உடைகிறது. ககரமும் சகரமும் டகரமும்கூட இப்படியே உடையும். ரிஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ் என்ற தேர்வுக்கு நோகன்ட்ரோல் என்று மதிப்புக் கொடுத்தால் சரியாகும்.

கோப்புகளை மேகச் சேமிப்பில் வைத்திருப்பவர்கள் அமேசான் எஸ்3 போன்றவற்றில் இந்த ஹெட்டரையே முகவரியின் அளபுருவாகக் கொடுக்க முடியும். அப்போது ஏற்கெனவே சதவீதக் குறியீடாக்கிய பெயரை முகவரிக்காக மீண்டும் ஒருமுறை குறியீடாக்க வேண்டும். ஒரு முறை மட்டும் செய்தால் சர்வர் அதை விரித்து, வெற்றுத் தமிழை ஹெட்டரில் வைத்துவிட முயலும். பதிவேற்றப் படிவங்களுக்கு நட்சத்திர முறை பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே அதைப் பயன்படுத்தவே கூடாது என்று 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7578 தடை விதிக்கிறது. உலாவிகள் பெயரை யூடிஎஃப்-8 பைட்டுகளாகவே அனுப்பும்.

எல்லாம் மாற்றியபின் சோதிக்க, "சோழர் க்‌ஷ (1) 50% '.பிடிஎஃப்" என்று பொருளற்ற ஒரு பெயரில் கோப்பு ஒன்றைத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓகாரம், இணைப்புத் தடுப்பான், இடைவெளி, அடைப்புக்குறி, சதவீதக் குறி, ஒற்றை மேற்கோள் ஆகிய எல்லாம் அதில் இருக்கின்றன. குரோமில் அல்ல, முதலில் சஃபாரியில் பதிவிறக்கிப் பாருங்கள்; பிறகு கைபேசியில் ஒரு செய்திச் செயலிக்குள்ளிருந்து.